மூலம் கூறாத அறிவியல்

நம் மாணவர்கள் தமிழில் அறிவியல் எழுதுகின்றனர். ஈப்போவிலும் தாப்பாவிலும் சுங்கை சிப்புட்டிலும் பாகான் செராயிலும், ஒரு காலத்தில் ரப்பர்க் காடுகளின் நடுவே நின்ற பள்ளிகளிலும், சிறுவர் சிறுமியர் ஆய்வுத் திட்டங்களைச் செய்து, அவற்றைக் கட்டுரையாக வடித்துத் தருகின்றனர். கதையும் கவிதையும் மட்டுமே தமிழுக்கு உரியவை என்றிருந்த எண்ணம் இதனால் தகர்ந்து வருகிறது. இதைக் கண்டு மகிழாத தமிழாசிரியர் இருக்க முடியாது.

ஆயினும், அக்கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தைப் புரட்டும்போது அம்மகிழ்ச்சி குன்றிவிடுகிறது. 'துணை நின்றவை' என்னும் தலைப்பின்கீழ் 'இணையம்', 'கூகல்', 'பல நூல்கள்' என்று இரண்டொரு சொற்கள் கிடக்கின்றன. கட்டுரையின் உள்ளே 'ஆய்வாளர்கள் கூறுகின்றனர்', 'அறிவியல் மெய்ப்பித்துள்ளது' என்னும் தொடர்கள் பத்திக்குப் பத்தி வருகின்றன. எந்த ஆய்வாளர்? எந்த ஆண்டில்? எந்த ஏட்டில்? எழுதிய மாணவருக்கும் தெரியாது. திருத்திய ஆசிரியரும் கேட்பதில்லை. பட்டியல் நீளமாக இருந்தால் அதற்குரிய புள்ளியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டுரைக்குச் செல்கின்றார்.

இது சிறு குறை அன்று. எழுத்துப்பிழையைப் போலவும் ஓரம் விடாமல் எழுதுவதைப் போலவும் கருதி மன்னிக்கத்தக்கதும் அன்று. மூலம் கூறாத அறிவியல், அறிவியலே அன்று, அது வதந்தி. இதை நம் வகுப்பறைகளில் உரக்கச் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது.

அறிவியலுக்கும் பிற கூற்றுகளுக்கும் உள்ள வேறுபாடு யாது? சொன்னவர் பெரியவர் என்பதற்காக ஒன்றை ஏற்றுக்கொள்ளாமல், சொன்னதைச் சோதித்துப் பார்க்க இடம் கொடுப்பதே அறிவியல். அந்தச் சோதனைக்கு வழிகாட்டும் முகவரியே மேற்கோள். 'இக்கருத்து இன்னாருடையது, இந்நூலில் இப்பக்கத்தில் உள்ளது' என்று எழுதும் மாணவர், 'ஐயமிருந்தால் நீங்களே சென்று பாருங்கள்' என்று படிப்பவரை அழைக்கிறார். முகவரியை மறைப்பவரோ, 'நான் சொல்கிறேன், நம்புங்கள்' என்கிறார். முன்னவர் மாணவராயினும் அறிவியலாளர்; பின்னவர் பேராசிரியராயினும் அறிவியலாளர் அல்லர்.

நம் பேராக் மாநிலத்து மண்ணிலேயே வேர்விட்ட சான்று ஒன்றைக் காண்போம். '1877-ஆம் ஆண்டில் ரிட்லி என்பவர் ரப்பரை மலாயாவுக்குக் கொண்டு வந்தார்' என்னும் வாக்கியம் மாணவர் குறிப்பேடுகளிலும் பொது அறிவு வினாவிடைகளிலும் பரவிக் கிடக்கிறது. ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் எழுத, அவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுத, அது உண்மையின் தோற்றத்தைப் பெற்றுவிட்டது. ஆனால், இரண்டே ஆண்டுகளை எடுத்து நோக்கினால் இவ்வாக்கியம் உடைந்துவிடும். ஹென்றி நிக்கலஸ் ரிட்லி 1855-இல் பிறந்தவர். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்று அவர் இப்பகுதிக்கு வந்தது 1888-இல். பதினோர் ஆண்டுகளுக்கு முன்பே அவர் எவ்வாறு நாற்றுகளைக் கொண்டு வந்திருக்க முடியும்?

நடந்தது வேறு. ஹென்றி விக்கம் 1876-இல் பிரேசிலின் தப்பாஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ பூங்காவிற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் மிகச் சிலவே முளைத்தன. முளைத்தவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. 1877-இல் 22 நாற்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றுள் ஒன்பது, பேராக்கின் ஆங்கிலேய ரெசிடெண்டாக ஹியூ லோ இருந்த கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தொடக்க கால மரங்களுள் ஒன்று இன்றும் கோலகங்சார் நகரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. ரிட்லியின் உண்மையான தொண்டு அதன் பின்னர்தான் தொடங்குகிறது. மரத்தைச் சாகடிக்காமல், அதே காயத்தை மெல்லிய சீவலாகத் திரும்பத் திரும்பத் திறந்து பால் எடுக்கும் முறையை ஆய்ந்து நிலைநாட்டியவர் அவர். நம் பாட்டன் பாட்டிமார் வாழ்நாளெல்லாம் மரத்தில் இழுத்த கோடு, அந்த ஆய்விலிருந்து பிறந்த கோடுதான்.

ஒரு தவறான வாக்கியம் இங்கே செய்த தீங்கை எண்ணிப் பாருங்கள். ரிட்லி செய்யாததை அவர் தலையில் ஏற்றிற்று. அவர் செய்ததை மறைத்தது. கோலகங்சாரில் மரத்தின் அருகில் நடந்து செல்லும் மாணவனுக்குத் தன் ஊரின் வரலாற்றையே அந்நியமாக்கிற்று. மேற்கோளைச் சோதிக்கும் பழக்கம் ஒரே ஒரு வகுப்பில் இருந்திருந்தால், அச்சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும்.

விக்கம் விதைகளைத் 'திருடினார்' என்னும் கதையும் இத்தகையதே. ரப்பர் விதை ஏற்றுமதியைத் தடுக்கும் சட்டம் அப்போது பிரேசிலில் இல்லை. அதிகாரிகளின் கண்ணில் மண்ணைத் தூவிக் கப்பலேற்றியதைப் போன்ற வீரக்கதை, பல ஆண்டுகள் கழித்து விக்கம் தாமே எழுதியவற்றால் வளர்ந்தது. தன் செயலைத் தானே புகழும் ஒருவரின் பிற்காலக் கூற்று எத்தகைய சான்று என்று மாணவர் கேட்க வேண்டாவா? மூலம் எது என்று தெரிந்தால்தானே அந்தக் கேள்வி பிறக்கும்!

நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாகப் பகுத்து நன்னூல் கற்பிக்கிறது. பவணந்தியார் கருதிய பொருள் வேறாயினும், அப்பகுப்பு நம் மாணவர்க்கு மிகவும் பயன்படும். ஆய்வு செய்தவரே தம் கண்டுபிடிப்பை எழுதியது முதனூல். அதைப் படித்து விளக்கிய பாடநூல் வழிநூல். பாடநூலைப் பார்த்து எழுதிய குறிப்பேடும் இணையப் பக்கமும் சார்புநூல். சார்புநூலைப் படித்துவிட்டு முதனூலைப் படித்ததாகக் காட்டிக்கொள்வது பொய். முதனூல் கைக்கு எட்டாதபோது, 'இன்னார் கருத்தை இந்த நூலின் வழியாக அறிந்தேன்' என்று எழுதுவது நேர்மை. இதற்குப் பெரும் புலமை வேண்டியதில்லை. கூச்சமின்மை ஒன்றே போதும்.

கற்றறிந்தோரும் இதில் சறுக்கியுள்ளனர். பசலைக்கீரையில் இரும்புச் சத்து மிகுதி என்னும் நம்பிக்கை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பதின்மப் புள்ளி இடம் மாறியதால் வந்தது என்று டெரன்ஸ் ஹாம்ப்ளின் என்னும் மருத்துவர் 1981-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அதற்கு அவர் மூலம் எதையும் காட்டவில்லை. கதை சுவையாக இருந்தமையால், பலர் அதனை எடுத்தாண்டனர். மைக் சட்டன் என்பவர் 2010-இல் அந்தப் புள்ளியைத் தேடிச் சென்றார். அப்படி ஒரு பிழை நேர்ந்ததற்குச் சான்றே கிடைக்கவில்லை. ஓலே பியோர்ன் ரெக்டால் என்னும் நார்வே நாட்டு அறிஞர் 2014-இல், இக்கதை எவ்வாறு ஏட்டிலிருந்து ஏட்டிற்குத் தாவியது என்பதை விரித்துரைத்தார். பிழையைக் கண்டிக்க எழுந்த கதையே பிழையாய்ப் போயிற்று! மூலத்தைப் பாராமல் எடுத்தாள்வது படித்தவர் நோயும்தான்.

நம்மவர் நோய் இன்னும் கொடியது. முருங்கைக்கீரையில் பாலைவிடப் பல மடங்கு சுண்ணாம்புச் சத்து உண்டு என்று எழுதாத மாணவர் அரியர். பச்சை இலையிலா, உலர்ந்த பொடியிலா? பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீர். நீரெல்லாம் வற்றிய பொடியை நீர் நிறைந்த பாலோடு நிறுத்துப் பார்ப்பது நேரான ஒப்பீடாகுமா? அளவைக் கண்டவர் யார் என்று குறித்திருந்தால், இவ்வினா தானே எழும். திருநள்ளாற்றின் மேலே செல்லும் விண்கலங்கள் சில நொடிகள் நின்றுவிடுகின்றன என்றும், அதைக் கண்டு நாசா வியந்தது என்றும் ஒரு செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி பரவிற்று. நாசா அப்படி ஓர் அறிக்கையை வெளியிட்டதே இல்லை. திருநள்ளாற்றின் பெருமைக்கு நாசாவின் நற்சான்று தேவையுமில்லை. பக்தியும் இதனால் உயரவில்லை. அறிவியலும் இதனால் வளரவில்லை. இரண்டும் ஏளனத்திற்கு உள்ளானதே மிச்சம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். 'மேற்கோள் விதிகள் எல்லாம் மேலைநாட்டார் வழக்கம். அவற்றை ஏன் நம் பிள்ளைகள்மீது சுமத்த வேண்டும்?' என்பர் சிலர். தமிழின் வரலாற்றை அறியாதவரே இவ்வாறு பேசுவர். தொல்காப்பியம், தனக்கு முன்னிருந்த புலவர்களின் கருத்தை 'என்ப' என்று குறித்துச் செல்கிறது. ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் சில பாடல்களும், உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டியதாலும் புறத்திரட்டுப் போன்ற தொகைநூல்கள் நூற்பெயரோடு காத்துவைத்ததாலும் பிழைத்தவை. நூல் அழிந்தது, மேற்கோள் நின்றது. மேற்கோளின் வலிமைக்கு இதைவிடப் பெரிய சான்று எந்த நாட்டில் உண்டு?

மூலம் கூறாமையால் விளையும் துன்பத்தையும் தமிழ் கண்டுள்ளது. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பிக்க முனைந்தபோது, உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பிற நூல்களிலிருந்து அடிகளை எடுத்துக்காட்டிவிட்டு, நூலின் பெயரைச் சொல்லாமல் 'என்றார் பிறரும்' என்று முடித்த இடங்கள் அவரைப் பெரிதும் அலைக்கழித்தன. அந்தப் 'பிறர்' யார்? அதைக் கண்டறிய அவர் ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஆண்டுக்கணக்கில் உழைத்தார். நச்சினார்க்கினியர் காலத்துக் கற்றோர்க்கு அந்நூல்கள் மனப்பாடமாக இருந்திருக்கலாம். ஆகவே பெயர் சொல்வது மிகையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் நினைவு மறைந்தபின், பெயரற்ற மேற்கோள் அநாதையாயிற்று. நம் மாணவரின் 'ஆய்வாளர்கள் கூறுகின்றனர்' என்பது அந்த 'என்றார் பிறரும்' என்பதன் இன்றைய வடிவம். வேறுபாடு ஒன்றே: உரையாசிரியர் அந்நூல்களைத் தாமே கற்றிருந்தார், நம் மாணவர் கற்கவில்லை.

'தமிழில் அறிவியல் நூல்கள் குறைவு. மாணவர் ஆங்கிலத்திலிருந்தும் மலாயிலிருந்தும் மொழிபெயர்த்துத்தானே எழுத வேண்டியிருக்கிறது?' என்பது அடுத்த மறுப்பு. மொழிபெயர்க்கட்டும், நன்றாக மொழிபெயர்க்கட்டும். ஆனால் மொழியை மாற்றியதால் கருத்தின் உரிமை மாறிவிடாது. பிறர் வீட்டுப் பொருளுக்கு வேறு வண்ணம் பூசினால், அது நம் பொருளாகிவிடுமா? 'இப்பகுதி இன்ன மலாய் நூலிலிருந்து என்னால் தமிழாக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதினால், மாணவரின் உழைப்பும் வெளிப்படும். மூல ஆசிரியரின் உரிமையும் நிலைக்கும். மறைத்தால் இரண்டும் கெடும்.

மூன்றாவதாக, 'இப்போதுதான் கணினியே எல்லாவற்றையும் எழுதிப் பட்டியலும் போட்டுத் தருகிறதே' என்கின்றனர். ஐயகோ! செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் பட்டியல்களில், உலகில் இல்லாத நூல்களும் எவரும் எழுதாத கட்டுரைகளும் இடம்பெறுவதுண்டு. 2023-இல் நியூயார்க் நகர வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி புனைந்து தந்த வழக்குத் தீர்ப்புகளை உண்மையென்று நீதிமன்றத்தில் தாக்கல் செய்தனர். அப்படிப்பட்ட தீர்ப்புகளே இல்லை என்பது வெளிப்பட்டபோது, நீதிபதி அவர்களுக்கு 5,000 டாலர் தண்டம் விதித்தார். சட்டம் பயின்றோருக்கே இக்கதி என்றால், பதினைந்து வயது மாணவரின் நிலை என்ன? திறந்து படிக்காத நூலைப் பட்டியலில் சேர்க்காதே என்னும் பழைய விதி ஒன்றே இப்புதிய பொறிக்குத் தக்க காவல்.

பெயரைச் சரியாகக் குறிப்பதும் இந்நேர்மையின் ஒரு கூறே. மேலைநாட்டு முறையில் குடும்பப் பெயர் முதலில் வரும். தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. நம் நாட்டு ஆவணங்களில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்பவற்றின் பின் வருவது தந்தை பெயர். கண்மூடித்தனமாக இறுதிப் பெயரை முன்னே போட்டு, இயற்பெயரை முதலெழுத்தாகச் சுருக்கினால், நூல் எழுதிய மகள் மறைந்து, எழுதாத தந்தை ஆசிரியராகிவிடுவார்! தமிழ்ப் பெயரை இயற்பெயராலேயே பட்டியலிட வேண்டும். ஒரு கட்டுரைக்கு இருவர் ஆசிரியராயின் இருவரையும் எழுத வேண்டும். 1928-இல் நேச்சர் இதழில் புதுவகை ஒளிச்சிதறலை அறிவித்த குறிப்பில் ச. வெ. இராமன், கா. சீ. கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயரும் உள்ளன. 1930-இல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே கிடைத்தது. பாடநூலோடு நின்றவர்க்குக் கிருஷ்ணனைத் தெரியாது. முதனூலைத் தேடிச் சென்றவர், வத்திராயிருப்பில் பிறந்த அந்தத் தமிழரை அங்கே சந்திப்பார்.

இதுவரை கூறியவை எந்த நாட்டு மாணவர்க்கும் பொருந்தும். பேராக்கின் தமிழ் மாணவர்க்கு மட்டும் உரிய கடமை ஒன்றும் உண்டு.

ரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல எண்ணெய்ப்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். அவர்களோடு பெயர்ந்து வந்தது ஓர் அறிவு. வெயில் ஏறுமுன் வெட்டினால் பால் மிகும். மழை நனைத்த மரத்தில் பால் கோடு தாண்டி வழிந்தோடும். உளி ஆழ்ந்து மரத்தைத் தொட்டால் பட்டை முண்டு முண்டாகிக் கெடும். மங்கில் உறைந்ததையும் கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலையும் எவ்வாறு பிரிப்பது. இவற்றையெல்லாம் ஏட்டில் படித்து அல்ல, கையால் உணர்ந்து அறிந்தவர் நம் முதியோர். விடியலில் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பதே காரணம் என்று நூல் விளக்கும். ஆனால் நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் அதைக் கண்டவர் கண்டதும் சான்றே.

இன்று ரப்பர்ப் பால் உறைவதைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவி, வீட்டிலுள்ள பாட்டியிடம் கேட்டறிந்ததை 'அக்காலத்தில் மக்கள் இவ்வாறு செய்தனர்' என்று எழுதிவிடுகிறாள். எக்காலம்? எந்த மக்கள்? எந்தத் தோட்டம்? மீண்டும் அதே 'என்றார் பிறரும்'! அவர் இசைவைப் பெற்று, அவர் பெயர், வேலை செய்த தோட்டம், வேலை செய்த ஆண்டுகள், உரையாடிய நாள் ஆகியவற்றைக் குறித்து எழுதினால், அது முதன்மைச் சான்றாகும். பிற்கால ஆய்வாளர் அதை நூலோடு ஒப்பிடலாம், பிழையெனின் மறுக்கலாம், மெய்யெனின் ஏற்கலாம். பெயர் இல்லையேல், ஏற்கவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை.

ஒரு நூற்றாண்டு காலம் நம்மவர் பெயர் இடம்பெற்ற ஏடுகள் எவை? பெரட்டுப் பதிவேடும் கிராணியின் கணக்குப் புத்தகமும். அவற்றில் அவர்கள் வந்தார்களா, எத்தனை இறாத்தல் பால் தந்தார்கள் என்பது உண்டு. என்ன அறிந்திருந்தார்கள் என்பது இல்லை. அந்தக் குறையை அவர்தம் பேரப்பிள்ளைகளே நீட்டிக்கலாமா? துரைமார் பெயரைச் சரியாக எழுதக் கற்ற நாம், பால் வெட்டியவர் பெயரை எழுதக் கூசலாமா? மேற்கோள் நெறி தேர்வுப் புள்ளிக்காக வந்ததன்று. நன்றியறிதலுக்காகவும் தன்மானத்திற்காகவும் வந்தது.

ஆசிரியப் பெருமக்கள் செய்ய வேண்டியது மிகுதியன்று. பட்டியலின் நீளத்துக்குப் புள்ளி தருவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு கட்டுரையிலும் ஏதேனும் ஒரு மேற்கோளைச் சுட்டி, 'இதைத் திறந்து காட்டு' என்று கேளுங்கள். காட்ட இயலாத மேற்கோளை அடித்துவிடுங்கள். ஆசிரியர், ஆண்டு, நூற்பெயர், பதிப்பகம், பக்கம் ஆகிய ஐந்தும் நூலுக்கு வேண்டும். எழுதியவர் அல்லது நிறுவனம், தலைப்பு, வெளியான நாள், முகவரி, பார்த்த நாள் ஆகிய ஐந்தும் இணையப் பக்கத்திற்கு வேண்டும். 'கூகல்' மூலமன்று, அது மூலத்துக்கு வழிகாட்டும் கடைத்தெரு. கடைத்தெருவையே கடைக்காரன் என்று சொல்வார் உண்டோ? இவற்றோடு, நாம் வகுப்பில் வழங்கும் குறிப்புகளிலும் மூலத்தை எழுதுவோம். நாம் காட்டாத நெறியை மாணவர் எங்ஙனம் கற்பர்?

மாணவர்களே, பத்து மூலங்களைப் படிக்காமல் பட்டியலிடுவதைவிட, இரண்டைப் படித்து நேர்மையாகக் குறிப்பது மேல். உங்கள் கட்டுரை சிறியதாக இருக்கலாம். உங்கள் சோதனை எளியதாக இருக்கலாம். ஆனால் ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் அதைக் கையில் எடுக்கும்போது, நீங்கள் காட்டிய வழியே சென்று, நீங்கள் கண்டதைத் தாமும் காண முடிய வேண்டும். அவரும் ஒரு சாமிநாதையராக ஊர் ஊராய் அலைந்து, 'அந்தப் பிறர் யாரோ?' என்று ஏங்கும் நிலையை நம் தலைமுறை உண்டாக்கலாகாது.